மூணு ரோட்டில் கொழுந்துக்கு வழி கேட்டவர்

காமாட்சியக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்குப் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அரவேணுவிலிருந்து கோத்தகிரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு மனு இருந்தது. மூணு ரோட்டில் ஒரு வேகத்தடை போட்டுத் தரும்படி சாலை அலுவலகத்துக்கு எழுதியது. செல்போன் அடித்தது. அவருடைய மகள் செல்வி. "அம்மா போயிட்டாங்கய்யா" என்றாள்.  அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, வந்த வழியே திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். மனு பையிலேயே கிடந்தது.

அதை மூன்று வாரம் முன்பே கொடுத்திருக்க வேண்டும். ஏன் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இறந்தவர்களைப் பற்றி எழுத உட்காரும்போது நம் ஆட்கள் அவரைப் புகழ்ந்துகொண்டே நடுவில் தங்களுக்கும் இரண்டு நல்ல வார்த்தை சேர்த்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை.

காமாட்சியக்காவைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சின்னப் பிள்ளையாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் கப்பலேறி வந்தவர். அன்று முதல் எங்கள் மலையில்தான் இருந்தார். கடைசி வரை தேயிலைக் கொழுந்து எடுத்தார். குள்ளமான உருவம், வெற்றிலைச் சிவப்பேறிய வாய், யாரையும் இரண்டு தரம் பேசவிடாத நாக்கு. தேநீரைத் தேத்தண்ணி என்பார். தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க்காக இருந்த என்னைக் கடைசி வரை கிளாக்கரய்யா என்றுதான் கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் அக்கா, இனி பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். "வேல போனா பேரும் போயிருமா?" என்று கேட்டார்.

மூணு ரோடு என்பது எங்கள் ஊர் முக்கு. ஒரு ரோடு கோத்தகிரிக்கு ஏறுகிறது, ஒன்று மேட்டுப்பாளையம் பக்கம் இறங்குகிறது, மூன்றாவது தோட்டங்களுக்குள் போகிறது. மூன்றும் சேரும் இடத்தில் ஒரு பாறை துருத்திக்கொண்டு நிற்பதால், மேலிருந்து இறங்கி வரும் வண்டி பக்கத்தில் வரும் வரை கண்ணில் படாது. ரோட்டுக்குக் கீழ்ப்புறம் தோட்டங்கள், மேல்புறம் கொழுந்து நிறுக்கும் ஷெட். பெண்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த ரோட்டைக் கடந்துதான் ஆக வேண்டும்.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது அந்த ஷெட்டில்தான். அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ஃபேக்டரி லாரியை டிரைவர் தினமும் வளைவிலேயே நிறுத்திவிடுவார். பெண்கள் சுமையோடு லாரியைச் சுற்றி நடுரோட்டுக்கு வந்து போவார்கள். லாரியைத் தள்ளி நிறுத்தச் சொல்லி இவர் என்னிடம் வந்து கேட்டார். அது என் வேலை இல்லை என்று பதில் சொன்னேன். புது உத்தியோகக்காரனின் மிடுக்கு. அவர் நேராகப் போய், தன் மூட்டையை லாரியின் முன் சக்கரத்துக்கு எதிரே இறக்கி வைத்தார். பின்னால் வந்த பெண்களும் அங்கேயே இறக்கினார்கள். எல்லோரும் மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க ஆரம்பித்தார்கள். லாரி பத்தடி பின்னால் போனது. மறுநாளிலிருந்து அங்கேயே நின்றது. "யாரு வேலைன்னு இப்ப தெரிஞ்சிருச்சா கிளாக்கரய்யா?" என்று போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அன்றிலிருந்து அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அந்தக் குரல் எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஒருநாள் காலையில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து "கொழுந்து வருது!" என்று ஒரு சத்தம். என்னவென்று எட்டிப் பார்த்தேன். காமாட்சியக்கா தன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நடுரோட்டில் நின்றார். இடுப்பில் கட்டும் முரட்டுத் துணியை அவர்கள் படங்கு என்பார்கள். அதை அவிழ்த்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வண்டி வரும் திசையைப் பார்த்து மறுபடி ஒருதரம் கத்தினார். பெண்கள் வரிசையாகக் கடந்து போனார்கள். எல்லோரும் போன பிறகு தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடைசியாக அவர் போனார்.

எதற்கு இந்தக் கூத்து, ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனால் போதாதா என்று கேட்டேன்.  பக்கத்தில் கிடந்த ஒரு மூட்டையை இரண்டு பேரைத் தூக்கச் சொல்லி என் தலையில் வைத்தார். "இப்ப ரெண்டு பக்கமும் பாருங்க" என்றார். கழுத்து அசையவில்லை. கண்ணை மட்டும் உருட்டினால் என் செருப்பு தெரிந்தது, கொஞ்சம் ரோடு தெரிந்தது, அவ்வளவுதான். சுற்றிலும் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நாங்க காதாலதான் ரோட்டப் பாக்குறோம் கிளாக்கரய்யா. லாரி சத்தம் வேற, பஸ்ஸு சத்தம் வேற, ஜீப்பு சத்தம் வேற. எது எவ்வளவு தூரத்துல வருதுன்னு காது சொல்லிரும்" என்றார்.

நாளடைவில் எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கெல்லாம் அந்தக் குரல் பழகிவிட்டது. கேட்டால் நிறுத்துவார்கள். பிரச்சினை மற்ற வண்டிகளால் வந்தது. சீசன் நேரத்தில் கீழேயிருந்து வருகிறவர்களுக்குக் கொழுந்து என்றால் என்னவென்றே தெரியாது. யாரோ என்னவோ விற்கிறார்கள் என்று நினைத்து ஹாரன் அடித்துக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு மூன்று பேர் அடிபட்டார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஊரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் பைபாஸ் பேச்சு வந்தது. எங்கள் ஊரைத் தொடாமல் மலையின் அந்தப் பக்கமாக ஒரு மாற்றுச்சாலை. அளந்தார்கள். மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை நட்டார்கள். பிறகு சத்தத்தையே காணோம். காட்டு அனுமதி என்றார்கள், நிலம் என்றார்கள், ஃபைல் சென்னையில் இருக்கிறது என்றார்கள். சீசனில் எங்கள் முக்கில் ஆம்புலன்ஸ் ஒன்று மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால் பைபாஸ் வேண்டுமென்று நான் நினைத்தது வீம்புக்காக அல்ல. ஊரில் ஒரு கமிட்டி போட்டார்கள். நன்றாக எழுதுவேன் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நன்றாக எழுதுவேன் என்பதில் எனக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

சமுதாயக் கூடத்தில் கூட்டம் நடந்தது. எல்லோரும் பைபாஸைப் பற்றிப் பேசி முடித்த பிறகு பின்வரிசையிலிருந்து காமாட்சியக்கா எழுந்தார். "பைபாஸ் வரட்டும். வர்ற வரைக்கும் மூணு ரோட்டுல ஒரு மேடு போட்டுக் குடுக்கச் சொல்லி எழுதுங்க. வண்டி மெதுவா வந்தாப் போதும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. முதல் நகலில் அந்த வரியை நானே எழுதியும் விட்டேன். ஆனால் கமிட்டியில் இரண்டு பேர், வேகத்தடை போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பைபாஸை மூடிவிடுவார்கள் என்று சொல்ல, அடுத்த கூட்டத்தில் அந்தக் கட்சியை நானே எடுத்துக்கொண்டு பேசினேன்.

"அக்கா, இன்னிக்கு ஒரு மேட்டைப் போட்டுட்டாங்கன்னா அதையே காட்டிப் பைபாஸைக் கைகழுவிப் போடுவாங்க. தற்காலிகமா எதையும் வாங்கிக்கக் கூடாதுங்க. கேக்கறதைக் கேட்டாப் பெருசாக் கேக்கோணும்" என்றேன். கை தட்டினார்கள்.

அவர் உட்காரவில்லை. "தற்காலிகம்னா அவ்வளவு கேவலமா கிளாக்கரய்யா? கப்பல விட்டு எறங்குனதும் எங்கள தற்காலிகமான்னு சொல்லித்தான் ஒரு லயத்து வரிசை வீட்டுல கொண்டாந்து விட்டாங்க. அந்த லயத்துலதான் நான் வயசுக்கு வந்தேன். அங்கதான் கல்யாணம் கட்டுனேன், செல்வியப் பெத்தேன், அவ அப்பாவத் தூக்கிக் குடுத்தேன். இன்னும் அதே லயத்துலதான் படுக்குறேன். நெரந்தரமா குடுக்குறோம்னு சொன்ன வீடுதான் இன்னும் வரல" என்றார்.

 அப்போதாவது நான் புத்தியாக நடந்துகொண்டிருக்கலாம். அதற்குப் பதிலாக மனுவைக் கையில் எடுத்து, புதிதாகச் சேர்த்திருந்த வாக்கியத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். "தற்காலிக ஏற்பாடுகள் எதையும் இவ்வூர் மக்கள் வேண்டவில்லை, நிரந்தரத் தீர்வு ஒன்றையே வேண்டி நிற்கிறோம்." மறுபடியும் கை தட்டினார்கள். வேகத்தடை வரியை எல்லோர் முன்னிலையிலும் சிவப்பு மையால் அடித்தேன். காமாட்சியக்கா முன்னால் வந்தார். மனுவை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முதல் கையெழுத்தை அவரே போட்டார். எதிர்த்துப் பேசியவரே முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டார், என் பேச்சு அப்படி என்று அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

பைபாஸ் வரவில்லை. மஞ்சள் கற்களைச் சுற்றித் தேயிலை வளர்ந்து மூடியது. அதில் ஒரு கல், சுமையை இறக்கி வைத்து இளைப்பாறச் சரியான உயரத்தில் இருந்தது. காமாட்சியக்கா அதன்மேல் மூட்டையைச் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். "உங்க பைபாஸ் இதுக்காவது ஆச்சு" என்பார். இன்னொரு நாள், "கிளாக்கரய்யா, பைபாஸ் வந்திருச்சாமே? நேத்து எங்க லயத்துப் பக்கம் உங்கள விசாரிச்சுக்கிட்டு வந்துச்சு, அவரு வீடு மேல இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார். பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வருஷங்கள் இப்படியே போயின. அவர் நடுரோட்டில் நின்று குரல் கொடுப்பதும் தினமும் நடந்தது. அதை ஊரின் வழக்கம் என்றே நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஒரு மனுஷி தன் உடம்பை ரோட்டில் நிறுத்தி வேகத்தடை வேலை பார்க்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் அடிபட்ட அன்று நல்ல பனிமூட்டம். காமாட்சியக்கா வழக்கம்போல மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, ரோட்டோரத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். ஒரு சத்தமும் இல்லை. ரோட்டில் இறங்கி "கொழுந்து..." என்று ஆரம்பித்தபோது கார் அவர்மேல் வந்துவிட்டது. பாட்டரியில் ஓடும் புதுக் கார். ஊட்டியைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பம். ஓட்டியவர் நல்ல மனிதர். அவரே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

நான் போய்ப் பார்த்தபோது அந்த வலியிலும் அவருக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. "சத்தமே இல்ல கிளாக்கரய்யா. உள்ள படுக்க வச்சுக் கொண்டு போனாங்களே, அப்பவும் சத்தமே இல்ல. இப்படி ஒரு வண்டி வரும்னு எங்க காதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. மறுநாளே சாலை அலுவலகத்துக்குப் போனேன். இத்தனை வருஷமாக ஒரு வேகத்தடை போட வக்கில்லையா என்று அங்கிருந்த பொறியாளரிடம் சத்தம் போட்டேன். சின்ன வயதுக்காரர், சமீபத்தில்தான் வந்தவர். உட்காரச் சொன்னார். பழைய ஃபைலை எடுத்து வரச் சொல்லித் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். என் மனு. என் வாக்கியத்துக்குக் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். ஓரத்தில், பொதுமக்கள் தற்காலிக ஏற்பாடுகளை விரும்பவில்லை என்று குறிப்பு.

"வேகத்தடை போட இருந்தாங்க சார். உங்க மனுவைப் பார்த்துட்டுத்தான் நிறுத்தியிருக்காங்க. ஊர்க்காரங்களே வேணாம்னு எழுதிக் குடுத்தப்புறம் எப்படிப் போடறது?" என்றார் மரியாதையாக.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வாக்கியத்துக்குக் கீழே பார்த்தேன். முதல் கையெழுத்து, கோணல்மாணலாக, காமாட்சி என்று இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து லயத்துக்குக் கொண்டுவந்து படுக்க வைத்த பிறகு அவரிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. நீங்கள் கேட்டதை அடித்தவனும் நான்தான், வேண்டாம் என்று எழுதியவனும் நான்தான், அதை வைத்தே நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, "உங்களையும் ஏமாத்திக் கையெழுத்து வாங்கிப்போட்டேனுங்க அக்கா" என்றேன்.

"யாரு ஏமாந்தா? நான் வாசிச்சுட்டுத்தானே போட்டேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம் ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன்.

 "நீங்க அவ்வளவு ஆசையா எழுதி வாசிச்சீங்க. ஊரே கை தட்டுச்சு. நம்ம கிளாக்கரய்யாவ அத்தன பேருக்கு நடுவுல எப்படிக் கீழ எறக்குறதுன்னுதான் போட்டேன்" என்றார். பிறகு என் முகம் போன போக்கைப் பார்த்து, "அழுகாதீங்க. இனி எழுதுனா சுருக்கா எழுதுங்க. பெருசா எழுதுனா அவுகளுக்கு வேணுங்கிறத எடுத்துக்கிறாங்க" என்றார்.

மறுநாளே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். இங்கேதான் நான் இரண்டாவது முறை தவறினேன். முதல் தவறையாவது அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். வேகத்தடை கேட்க வேண்டுமென்றால், முன்பு நான் எழுதிய வாக்கியம் தவறு என்று முதலில் எழுத வேண்டும். அது எனக்குக் கை வரவில்லை. சூழ்நிலை மாறிவிட்டதால் என்று எழுதினேன், கிழித்தேன். கமிட்டியின் மறுபரிசீலனைப்படி என்று எழுதினேன், அதையும் கிழித்தேன். "ஏனுங்க, மூணு வரி எழுத மூணு வாரமா?" என்று என் மனைவி கேட்டாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன். ஒருநாள் செல்வியிடம் காமாட்சியக்கா சொல்லி அனுப்பினார், எழுதியாகிவிட்டதா என்று. எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவருக்குக் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, படுத்த இடத்திலேயே மோசமாகிக்கொண்டு வந்த நாட்கள் அவை.

கடைசியில் ஒருநாள் காலையில் உட்கார்ந்து எழுதினேன். "தற்காலிக ஏற்பாடு வேண்டாம் என்று முன்பு நான் எழுதியது என் தவறு. கொழுந்துச் சுமையோடு ரோட்டைக் கடப்பவர்களால் கழுத்தைத் திருப்ப முடியாது. மூணு ரோட்டில் உடனே ஒரு வேகத்தடை போட்டுத் தாருங்கள்." அவ்வளவுதான். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிய அன்றுதான் அந்தப் போன் வந்தது.

அடக்கம் அன்று சாயங்காலமே. சுடுகாட்டுக்கு மூணு ரோட்டைக் கடந்துதான் போக வேண்டும். பெண்கள் முச்சந்தியோடு நின்றுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவரோடு கொழுந்து எடுத்தவர்கள் எல்லோரும் ரோட்டோரத்தில் நின்றுவிட்டார்கள். சிலர் படங்கைக்கூட அவிழ்க்காமல் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார்கள். செல்வி அவர்கள் மேல் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். நாலு பேர் பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டின் விளிம்புக்கு வந்தார்கள். மேலே பாறை வளைவைப் பனி மறைத்திருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். பாடையைச் சுமப்பவர்களாலும் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அவர்கள் நின்றார்கள். எதற்காக நின்றார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. எத்தனையோ வருஷமாக அந்த இடத்தில் ஒரு குரல் கேட்ட பிறகுதான் எல்லோரும் கால் வைத்திருக்கிறார்கள். அந்தக் குரல்தான் பாடையில் கிடந்தது. பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஆண்கள் யாரும் அந்தக் குரலைக் கொடுத்ததே இல்லை.

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு நடுரோட்டில் இறங்கினேன்.  அந்த இடத்தில் நின்றால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. எந்தப் பக்கத்திலிருந்து எது வருகிறது என்று ஒன்றும் தெரியவில்லை. துண்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இருந்த குரலையெல்லாம் கூட்டி, "கொழுந்து வருது!" என்று கத்தினேன். இரண்டாவது தரம் கத்தியபோது பின்னாலிருந்து பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். பனிக்குள்ளிருந்து எங்கள் ஊர் பஸ் வந்து நின்றது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு வண்டியாக நின்றது. பாடை ரோட்டைக் கடந்தது.

மறுநாள் மனுவைக் கொடுத்துவிட்டேன். போட்டுவிடுகிறோம் என்றிருக்கிறார் அந்தப் பொறியாளர். இதை எழுதும் வரை போடவில்லை. போடும் வரை காலையில் கொழுந்து வரும் நேரத்தில் நான் போய் நிற்கிறேன். தற்காலிகமாகத்தான்.

காமாட்சியக்கா, நீங்கள் சுருக்கமாக எழுதச் சொன்னீர்கள். இதிலும் நீட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். வண்டிகளையெல்லாம் நிறுத்தியாகிவிட்டது. நிதானமாகக் கடந்து போங்கள்.